காளி என்னும் நாயும் தக்கோலத்துச் சோழனும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அருங்காட்சியகங்கள், நூலகங்கள், கல்வெட்டுகள் பற்றிப் பெங்களூரு வாசகர்கள் எழுதியனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதிலளித்திருக்கிறோம்.

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு வரலாறு என்றாலே மனப்பாடம்தான். கஸ்தூரிபா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் சோழ இளவரசர் ஒருவரின் மரணத்தைச் சொல்லும் கல் இருப்பதாக என் தந்தையார் அடிக்கடி கூறுவார். அது உண்மைதானா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அருங்காட்சியகம் முழுவதையும் அவனுக்குக் காட்டிவிட முடியுமா?
— ஒரு வாசகர், அல்சூர்

பதில்: தங்கள் தந்தையார் கூறுவது உண்மையே. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முழுவதையும் காட்ட வேண்டாம். ஒரு காலைப் பொழுதில் முந்நூறு பொருள்களைப் பார்த்த சிறுவனுக்கு மாலையில் நினைவிருப்பது வாசலில் சாப்பிட்ட ஐஸ்கிரீம் மட்டுமே. அந்த ஒரு கல்லைப் பார்ப்பதற்காகவே போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு போங்கள். மற்றவை கண்ணில் பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைய மண்டியா மாவட்டத்தில் மத்தூருக்கு அருகிலுள்ள ஆதகூரில் கிடைத்ததால் அதை ஆதகூர்க் கல்வெட்டு என்பார்கள். சக ஆண்டு 872, சௌமிய வருடம் என்று கல்லே தன் காலத்தைச் சொல்லிவிடுகிறது. நம் கணக்கில் அது 949–950. பழைய கன்னட எழுத்தில் பொறிக்கப்பட்ட அந்தக் கல்லில் தங்கள் மகனின் கண் முதலில் போய் நிற்கும் இடம் எழுத்தாக இருக்காது. ஒரு வேட்டை நாயும் ஒரு காட்டுப் பன்றியும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் சிற்பத்தில்தான் போய் நிற்கும். அந்த நாயின் பெயர் காளி.

கதை இதுதான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், தன் மைத்துனனான கங்க மன்னன் இரண்டாம் பூதுகனைத் துணையாகக் கொண்டு சோழ நாட்டின் மீது படையெடுத்தான். அவர்களை எதிர்த்து நின்றவர் முதலாம் பராந்தகனின் மகனான இராசாதித்தர். அரக்கோணத்துக்கு அருகில் உள்ள தக்கோலத்தில் நடந்த அந்தப் போரில் இராசாதித்தர் இறந்தார். சோழரை வீழ்த்திய பூதுகனுக்கு மன்னன் வனவாசி 12000, பெள்வொல 300, புரிகெரெ 300, கிசுகாடு 70, பாகெநாடு 70 ஆகிய நாடுகளை (எண்களும் அக்கால நாட்டுப் பெயர்களின் பகுதியே) அளித்ததாகக் கல் வரிசைப்படுத்துகிறது. பூதுகனிடம் பணியாற்றிய மணலேரன் என்னும் வீரனும் அந்தப் போரில் பெயர் பெற்றான். வேண்டியதைக் கேள் என்று சொல்லப்பட்டபோது அவன் ஊரையோ பொன்னையோ கேட்காமல், காளி என்ற அந்த நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பின்னர் அந்த நாய் ஒரு பெரும் பன்றியுடன் மோதியதில் இரண்டுமே செத்தன. அந்த நாயின் நினைவாக ஆதகூர்ச் சல்லேசுவரர் கோயிலின் முன் இந்தக் கல் நடப்பட்டது. அதற்கு நாள்தோறும் வழிபாடு செய்பவருக்கு நிலமும் ஒதுக்கப்பட்டது.

ஆக, தென்னிந்திய வரலாற்றையே திசை திருப்பிய ஒரு போரைப் பற்றிய முதன்மையான சான்று ஒரு நாய்க்கு எடுத்த நடுகல்லில் கிடைக்கிறது. இதைப் பாடநூலில் ஒரு வரியாகப் படிப்பதற்கும், அந்த நாயின் முன்னால் நின்றுகொண்டு தந்தை சொல்லக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தங்கள் மகனே உணர்ந்துகொள்வான். நடுகல் மரபு நமக்கும் புதிதன்று என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள். செங்கம் பகுதியில் உள்ள எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்றில் இறந்த வீரனுக்குப் பக்கத்தில் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் கல் பதிவு செய்திருக்கிறது.

புறப்படுவதற்கு முந்தைய இரவு இன்னொன்றையும் செய்யுங்கள். இராசாதித்தரின் மரணத்தை இரு தரப்பினரும் ஒரே மாதிரியாகச் சொல்லவில்லை. ஆதகூர்க் கல் அவரைக் கொன்ற பெருமையைப் பூதுகனுக்குக் கொடுக்கிறது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு அளித்த ஆனைமங்கலக் கொடையைப் பதிவு செய்யும் பெரிய லைடன் செப்பேடோ, யானையின் மீது அமர்ந்திருந்த இராசாதித்தரின் நெஞ்சைக் கிருஷ்ணராசனின் கூரிய அம்புகள் துளைத்ததாகக் கூறுகிறது. செப்பேடு நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் அந்தப் பெயர் பெற்றது. ‘யானை மேல் துஞ்சிய தேவர்’ என்றே சோழர் வழியினர் அவரை நினைவில் வைத்திருந்தார்கள். வென்றவரின் கல் ஒன்று சொல்கிறது. தோற்றவரின் கொடிவழியில் வந்தவர்களின் செப்பேடு வேறொன்று சொல்கிறது. இதில் யாரை நம்புவாய், ஏன் நம்புவாய் என்று மகனிடம் கேளுங்கள். விடையைத் தாங்கள் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை சென்னைக்குப் போய்க் குழாயைத் திறக்கும்போது, அந்த ஊருக்கு நீர் அனுப்பும் வீராணம் ஏரியை வெட்டியவர்கள் இந்த இராசாதித்தரின் படைவீரர்களே என்று மரபு கூறுவதையும் சேர்த்துச் சொல்லலாம்.

பழைய கட்டடங்களில் புனரமைப்புப் பணிகளுக்காகக் கூடங்களை மூடி வைப்பது அவ்வப்போது நடப்பதால், கல்லைப் பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டறிந்துகொண்டு புறப்படுங்கள்.

கேள்வி: நாள்தோறும் பூசை செய்ய வேண்டும் என்று நிலம் விட்டு நிறுவிய கல்லை அந்த ஊரிலிருந்து பெயர்த்து நகரத்து அருங்காட்சியகத்தில் வைப்பது முறைதானா? சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் அழைத்துப் போய்க் காட்டியபோது எனக்கு மனம் ஒப்பவில்லை.
— ஒரு வாசகி, இந்திராநகர்

பதில்: தங்கள் மனம் ஒப்பாததற்கு நியாயம் இருக்கிறது. கல்லை நட்டவரின் விருப்பம் அதிலேயே எழுதப்பட்டிருக்கும்போது அதை மீறியதாகவே தோன்றும். ஆயினும் பெங்களூரைச் சுற்றி இருந்த வீரக்கற்களில் பல, துணி துவைக்கும் கல்லாகவும் சாக்கடை மூடியாகவும் மாறியதையும், சாலையை அகலப்படுத்தியபோது ஜல்லியோடு ஜல்லியாகப் போனதையும் கண்டவன் நான். ஊரார் காப்பார்கள் என்றால் கல் ஊரிலேயே இருக்கட்டும்; காக்க ஆளில்லை என்றால் அருங்காட்சியகமே மேல் என்பது என் கருத்து. முதல் வகைக்கு நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 750ஆம் ஆண்டினதான கித்தய்யன் வீரக்கல் ஹெப்பாளத்தில் 2018இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டபோது, அப்பகுதியினரும் ஆர்வலர்களும் அதற்கு அங்கேயே மண்டபம் எழுப்பினார்கள்.

கேள்வி: நான் மடிவாளாவில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எங்கள் சோமேசுவரர் கோயில் சுவரில் தமிழ் எழுத்துகள் இருப்பதாகப் பக்கத்து வீட்டுக் கன்னடப் பெரியவர் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். ஓர் எழுத்தும் புரியவில்லை. தமிழ் என்றால் எனக்கு ஏன் படிக்க வரவில்லை?
— ஒரு வாசகர், மடிவாளா

பதில்: பெரியவர் சொன்னது சரி, தங்கள் கண்ணிலும் குறையில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தமிழ் எழுத்தின் வடிவங்கள் இன்றைய அச்செழுத்தைப் போல இருக்கவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். சொற்களுக்கு இடையே இடைவெளியே இராது. வடமொழிச் சொற்கள் வரும் இடத்தில் கிரந்த எழுத்துக்குத் தாவிவிடுவார்கள். போதாக்குறைக்கு இரண்டு மூன்று முறை பூசிய சுண்ணாம்பு வேறு. முதலில் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்ற மங்கலத் தொடக்கத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அது கிரந்தத்தில் இருக்கும். வரியின் தலை எது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். பிறகு ‘க’, ‘ட’, ‘ப’, ‘ம’ போன்ற, அதிகம் மாறாத எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு நகருங்கள். ஒரு சொல் வசப்பட்டுவிட்டால் மற்றவை தாமாகவே பின்னால் வரும்.

அந்தச் சுவரில் இருக்கும் கல்வெட்டுகளில் பழமையானது 1247ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த நிலக்கொடையைக் கூறுகிறது. அந்த வேப்பூர்தான் இன்றைய பேகூர். ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் காலத்துக் கொடை ஒன்றில் தாமரைக்கரை என்ற ஊர் வருகிறது. தாங்கள் நாள்தோறும் பேருந்தில் கடந்துபோகும் தாவரெகெரேதான் அது. கன்னடத்தில் தாவரெ என்றால் தாமரை, கெரெ என்றால் ஏரி. தொம்லூர்ச் சொக்கநாதர் கோயில் கல்வெட்டுகளில் அவ்வூர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப் பட்டினம் என்றும் வழங்கப்படுகிறது. சோழர் இந்தப் பகுதியை வென்ற பதினோராம் நூற்றாண்டிலிருந்து, அவர்களுக்குப் பின் ஹொய்சளர் ஆண்ட காலத்திலும் ஊர்ச்சபை ஆவணங்கள் தமிழில் எழுதப்பட்டிருப்பதுதான் இதற்குக் காரணம். அதே வேளையில், பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள ஏறத்தாழ 890ஆம் ஆண்டின் கன்னட வீரக்கல்லில்தான் ‘பெங்களூரு’ என்ற பெயர் நமக்கு முதன்முதலாகக் கிடைக்கிறது. வல்லாள மன்னனுக்கு ஒரு மூதாட்டி வேகவைத்த அவரைக்கொட்டைகளைக் கொடுத்ததால் இந்த ஊர் பெயர் பெற்றது என்னும் கதை அந்தக் கல்லின் முன் நிற்பதில்லை; வல்லாளருக்குப் பல தலைமுறைகள் முன்பே பெயர் இருந்திருக்கிறது. இரு மொழிகளும் ஒரே ஏரிக்கரையில் வாழ்ந்ததற்கு இவை சான்று. யார் முதலில் வந்தார் என்று சண்டையிடுவதற்கு இவற்றைப் பயன்படுத்த நினைப்பவர்கள் இரண்டையுமே படிக்காதவர்கள் என்பது என் அனுபவம்.

சுவரைப் படிக்க எளிய வழி வெளிச்சம்தான். காலை ஏழு மணி அளவில் அல்லது மாலையில், வெயில் சுவரின் மீது சாய்வாக விழும்போது எழுத்துக் குழிகளில் நிழல் தங்கும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலும் அதே பயன் கிடைக்கும். சாக்பீஸ் மாவு பூசுவதும், தேங்காய் நாரால் தேய்ப்பதும் கூடாது. தொல்லியலாளர்கள் மைப்படி எடுப்பதைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன் மேல் ஒட்டி, தூரிகையால் மெல்லத் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மை தோய்த்த பஞ்சுப் பொதியால் மேலே ஒற்றினால், குழிகள் மட்டும் வெள்ளையாக நிற்க, எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய கையெழுத்துக் கரிய தாளில் பளிச்சென்று எழும். இப்போது நிருபதுங்க சாலையில் உள்ள, 1909இல் தொடங்கப்பட்ட மித்திக் சொசைட்டி பெங்களூருக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து பாதுகாத்து வருகிறது. 1905இல் பெ. லூ. ரைஸ் வெளியிட்ட, எபிகிராபியா கர்நாடிகா என்னும் கல்வெட்டுத் தொகுப்பு வரிசையின் ஒன்பதாம் தொகுதியில் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகள் இருக்கின்றன. தங்கள் கோயில் சுவரை அந்தத் தொகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எந்த வரி எங்கே என்று பிடிபட்டுவிடும்.

கேள்வி: அருங்காட்சியகங்களில் படம் எடுக்கலாமா?
— ஒரு வாசகி, யஷ்வந்த்பூர்

பதில்: விதி இடத்துக்கு இடம் வேறு, நுழைவுச் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அனுமதி இருந்தாலும் ஓவியம், துணி, ஓலை ஆகியவற்றின் முன் ஃப்ளாஷ் வேண்டாம். கல்லுக்கு அதனால் கேடில்லை. ஆனால் நேர் எதிரே அடிக்கும் ஃப்ளாஷ் எழுத்தின் நிழலை அழித்துவிடுவதால் படத்தில் வெறும் பாறைதான் மிஞ்சும்.

கேள்வி: நான் முதுகலைத் தமிழ் மாணவி. ஓர் ஓலைச்சுவடியைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே, கைக்கெட்டும் தொலைவில் பார்க்க விரும்புகிறேன். பெங்களூரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இடம் உண்டா? எப்படி அணுக வேண்டும்?
— ஒரு வாசகி, ஜெயநகர்

பதில்: மைசூருக்குப் போங்கள். 1891இல் நிறுவப்பட்ட அங்குள்ள கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான சுவடிகள் உள்ளன. அவற்றில் ஒன்றின் கதையைக் கேட்டால், தமிழ் மாணவி வடமொழி நூலைப் பார்க்க ஏன் மைசூர் போக வேண்டும் என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் மற்ற நூல்களின் மேற்கோள்களில் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்த காலத்தில், தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் அதன் சுவடியை அந்த நூலகத்தில் ஒப்படைத்தார். அதைப் பிரித்துப் பார்த்து இன்னது என்று அடையாளம் கண்டவர் நூலகராக இருந்த ஆர். சாமசாஸ்திரி. 1909இல் மூலத்தை அச்சிட்டார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1915இல் நூலாக வந்தது. அந்தச் சுவடி எழுதப்பட்டிருப்பது கிரந்த எழுத்தில். நம் கோயில் சுவர்களில் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ எழுதிய அதே குடும்பத்து எழுத்து.

அணுகும் முறை பற்றி என் தவறிலிருந்தே சொல்கிறேன். இளமையில் ஒரு நூலகத்துக்கு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடினேன். என்னிடம் அறிமுகக் கடிதமும் இல்லை, எந்தச் சுவடி வேண்டும் என்பதற்கான எண்ணும் இல்லை. “சுவடி பார்க்க வேண்டும்” என்று மட்டும் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எந்தச் சுவடி?” என்று கேட்டார். நான் விழித்தேன். திரும்பி வரும் பேருந்தில் அவர் மீது கோபமாக இருந்தது. இப்போது யோசித்தால், துணிக்கடையில் போய் “துணி காட்டுங்கள்” என்று கேட்டவனைப் போலத்தான் நின்றிருக்கிறேன். தாங்கள் துறைத்தலைவரிடமிருந்து கடிதம் ஒன்றும் அடையாள அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட சுவடி அட்டவணையை முன்கூட்டியே பார்த்து, வேண்டிய சுவடியின் எண்ணையும் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டு நாளை உறுதி செய்துகொண்டு போங்கள். பேனாவை வீட்டிலேயே விட்டுவிட்டு பென்சில் எடுத்துச் செல்லுங்கள். மின்படி (கணினியில் பார்க்கும் படப் பதிவு) இருந்தால் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். அதற்காக வருந்த வேண்டாம். மின்படியில் பாடத்தைப் படித்து முடித்துவிட்டு, மின்படி காட்டாதது எது என்று சொல்லி மூலத்தைக் கேட்டால் பெரும்பாலான காப்பாளர்கள் மனமிரங்குவார்கள்.

மின்படி காட்டாதது நிறைய உண்டு. ஓலையைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் எழுத்தாணி உழுத பள்ளம் தெரியும். எழுதியவர் எங்கே அழுத்தினார், எங்கே கை தளர்ந்தார் என்றுகூடத் தெரியும். மை பூசாத ஓலையில் எழுத்து இருந்தும் இல்லாதது போலிருக்கும். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்த பிறகே வரிகள் கறுத்து எழும். கயிறு கோத்த துளையைச் சுற்றி எழுதாமல் விட்ட வெற்றிடம், நரம்பு கிழியாமல் இருப்பதற்காக வளைத்தே எழுதிய வடிவங்கள், ஓரத்தில் பூச்சி தின்ற சுரங்கம், எலுமிச்சம்புல் தைலத்தின் வாசனை ஆகிய எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்து ஏன் இத்தனை வட்டமாக இருக்கிறது என்று வகுப்பில் கேட்டிருப்பீர்கள். அந்த ஓலையின் நரம்பை விரலால் உணர்ந்த பிறகு அந்தக் கேள்வியே எழாது.

கேள்வி: கப்பன் பூங்காவின் சிவப்புக் கட்டட நூலகத்தில் வரலாற்றுப் பொக்கிஷம் ஏதும் உண்டா, அல்லது அது போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் இடம் மட்டும்தானா?
— ஒரு வாசகர், சிவாஜி நகர்

பதில்: அந்தக் கட்டடமே பொக்கிஷந்தான். 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்தவரும், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவருமான கே. சேஷாத்திரி ஐயரின் நினைவாக 1915இல் எழுந்த மண்டபம் அது. சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைக்க அடிகோலியவர் அவர். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். ஆளில்லாத நூலகத்தைவிட அது எவ்வளவோ மேல். தமிழ் நூல்களைப் புரட்ட வேண்டுமென்றால் அல்சூர் ஏரிக்கரைக்கு அருகில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்துக்குப் போகலாம். போகும் வழியில் ஏரிக்கரையில் 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையையும் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: அருங்காட்சியகத்துக்குப் போவதற்காக ஆட்டோக்காரரிடம் “மியூசியம்” என்றேன்; அவர் மியூசியம் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அரை மணி நேரம் தேடியும் அந்தச் சாலையில் அருங்காட்சியகத்தைக் காணவில்லை. பெயர் மட்டும் எப்படி வந்தது?
— ஒரு வாசகர், பானஸ்வாடி

பதில்: ஆட்டோக்காரர் மீது தவறில்லை. சென்னை அருங்காட்சியகத்தை 1851இல் தொடங்கி நடத்திய மருத்துவர் எட்வர்டு பால்ஃபரின் முயற்சியால் 1865இல் பெங்களூருக்கும் ஓர் அருங்காட்சியகம் அறிவிக்கப்பட்டபோது, அதற்குக் கிடைத்த முதல் இடம் கண்டோன்மென்ட்டில் இருந்த பழைய சிறைச்சாலைக் கட்டடம். அந்தச் சிறை இருந்த சாலைதான் மியூசியம் ரோடு. 1870களின் பிற்பகுதியில் சேகரிப்புகள் அனைத்தும் கஸ்தூரிபா சாலையில் கர்னல் சாங்கி வடிவமைத்த கட்டடத்துக்கு மாறிவிட்டன. பெயர் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. தாங்கள் இறங்கிய இடம் சரிதான். ஏறத்தாழ 150 ஆண்டுகள் தாமதமாக இறங்கிவிட்டீர்கள்.